இலக்கியப் பரீட்சையும் நயங்காணலும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

பரீட்சைக்கெனத் தமிழிலக்கியம் பயிலும் மாணவர் பலர் செய்யுளைக் காணுமுன்னரே அதன் குறிப்பைக் கண்டுவிடுகின்றனர். பொழிப்பு, அணிகளின் பெயர், எதுகை மோனைக்குச் சில எடுத்துக்காட்டு, ஈற்றிலே புலவரின் கற்பனைத் திறனைப் போற்றும் வாக்கியமொன்று. இவை மனனமாயின் க.பொ.த. சாதாரண தரத்தில் திறமைச் சித்தி கைகூடும் என்னும் நம்பிக்கை ஆசிரியரிடத்தும் வேரூன்றியுள்ளது. அந்நம்பிக்கை முற்றிலும் பொய்யெனக் கூற முடியாமையே இதிலுள்ள சங்கடமாகும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே இச்சங்கடம் மேலும் கூர்மையடைகின்றது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் தோட்டப் பாடசாலைகளைத் தன்னுள் அடக்கவில்லை. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை அவை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கீழ்த் தொடக்க வகுப்புகளோடு நின்றன. நுவரெலியாவிற் போன்று தமிழர் செறிந்து வாழும் பரப்பும் இங்கில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. உயர்தர வகுப்பின் வாயிலைத் திறமைச் சித்திகளே திறக்கும் நிலையில், லயத்திலிருந்து படிக்கும் மாணவியை நோக்கிக் குறிப்பைக் கைவிடுமாறு உபதேசித்தல் வசதியுள்ளோர்க்கே எளிது. ஆயினும், அக்குறிப்பு எதனை மறைக்கின்றது என்பதைக் கூறாது விடுதலுந் தகாது.

முல்லைத் திணை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். முல்லைக்குக் கார்காலமும் மாலையும் உரியன, இருத்தல் அதன் உரிப்பொருள் என்பதை மாணவர் அனைவரும் ஒப்புவிப்பர். குறுந்தொகையின் 66 ஆம் செய்யுளிலே, தலைவன் மீள்வதாகக் கூறிச் சென்ற பருவம் வந்துவிடுகின்றது, கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. இது கார்காலத்து மழையன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கண்டு மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று தோழி தேற்றுகின்றாள். மரத்தின்மீது பேதைமையை ஏற்றிக் கூறியதைத் தற்குறிப்பேற்றம் எனப் பெயரிட்டு மேற்செல்லுதல் குறிப்பின் இயல்பு. தோழி கூறுவது பொய் என்பதும், அப்பொய்யைத் தலைவி நம்பியிருப்பாளா என்னும் ஐயமும், அணியின் பெயரோடு அமுங்கிப் போகின்றன.

சப்ரகமுவ றப்பர்த் தோட்டத்து மாணவி இச்செய்யுளுக்கு வெளியே நிற்பவளல்லள். இரத்தினபுரியில் ஆண்டொன்றிற்கு 3500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. வெயிலேறுமுன் பால் நன்கு வடியுமாதலால் வைகறையிலேயே பால்வெட்டுத் தொடங்குதல் வேண்டும். பட்டை நனைந்திருப்பின் பால் வெட்டுவழியே ஓடாது மரத்தில் வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை, அல்லது அரைப்பேர். விடியுமுன் வாசலில் நின்று, இது விட்டுவிடும் மழையே எனத் தனக்கும் பிறர்க்கும் தேறுதல் கூறும் தாயைப் பார்த்து வளர்ந்தவள் அம்மாணவி. குறுந்தொகைத் தோழியின் குரலை அடையாளங்காண அவளுக்கு உரைநூல் வேண்டியதில்லை. அங்கு மழை மீட்சியின் அறிகுறி, இங்கோ கூலி இழப்பின் அறிகுறி என்னும் வேறுபாட்டையும் அவளே காண்பாள். ஒற்றுமையினும் இவ்வேற்றுமையே செய்யுளைத் தெளிவாக்குகின்றது.

பாலையும் இத்தகையதே. முல்லையுங் குறிஞ்சியுந் திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தை மனனஞ் செய்யும் மாணவர்க்கு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவிற்குச் செல்ல வேண்டியோராகக் கணக்கிடப்பட்டமையும், 1977, 1981, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களின்போது பலர் வன்னிக்குப் பெயர்ந்தமையும் குடும்பக் கதைகளாகவே தெரிந்திருக்கும். எனினும் பாலைத் தலைவன் பொருளீட்டி மீள்பவன்; இவர்கள் மீளவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து சங்கச் செய்யுள்களையெல்லாம் தோட்டத்துக் கதையாக்குதல் மற்றொரு வகை மனனமாகவே முடியும்.

செய்யுளை நுணுகி நோக்கும் பயிற்சிக்குத் தமிழில் வழிகாட்டி இல்லாமலில்லை. க. கைலாசபதியும் இ. முருகையனும் சேர்ந்தெழுதிய ‘கவிதை நயம்’ 1970 இலேயே வெளிவந்தது. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலாயின. தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டுப் பழகிய செவிக்கு ஓசை நயம் புதிதன்று. இவற்றை ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் ஆங்காங்கே உளர். அவர்தம் முயற்சி வினாத்தாளின் முன் வந்து நின்றுவிடுகின்றது. செய்யுளிலுள்ள அணிகளை எடுத்துக்காட்டுக என்று வினவின் குறிப்பே விடையாகும். தோழி மழையைப் பற்றி ஏன் பொய் கூறுகின்றாள் என்று வினவின், மாணவி செய்யுளிடத்தே திரும்பிச் செல்லுதல் வேண்டும். விடைத்தாள்களைக் குவியல் குவியலாகத் திருத்துவோர்க்கு முதல் வினாவே இலகு. இரண்டாவதற்கு விடைக்கு விடை வேறுபடும்; ஒவ்வொன்றையும் படித்தே புள்ளியிடுதல் வேண்டும்.