ஏரி காத்தவர்கள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தாம் எழுதிய நாவலை எடுத்துக்கொண்டு கேளம்பாக்கத்துக்கு என்னைத் தேடி வந்தார். நான்கு நாள் வைத்திருந்து படித்தேன்.

காலத்துக்கு ஏற்ற விஷயம். செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்று. ஒரு வருஷம் மழை பொய்க்கிறது. மறு வருஷம் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கிறது. ஏரி தூர்ந்துபோகிறது. பறவைகள் வருவது நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவர் கரைமேல் நின்று வெறும் வானத்தைப் பார்த்து அழுகிறார்.

"எப்படி இருக்கிறது, ஸார்?" என்று கேட்டார் இளைஞர்.

"நடை நன்றாக இருக்கிறது, தம்பி. ஆனால் ஊரில் முந்நூறு குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் இத்தனை பக்கமும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

"அவர்களால் என்ன செய்ய முடியும், ஸார்?"

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. குற்றம் அவருடையது மட்டும் அல்ல. இயற்கையின் அழிவைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் நம் கதாசிரியர்களுக்கு இரண்டே பாத்திரங்கள்தாம் கிடைக்கிறார்கள்: அழிக்கிறவன் ஒருவன், அழுகிறவன் ஒருவன். ஊர் என்பது பின்னால் தொங்கும் படுதா.

சா. கந்தசாமியின் 'சாயாவனம்' இந்த வகையில் தலைசிறந்த நாவல் என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டிலிருந்து திரும்பிய சிதம்பரம், கரும்பு ஆலை கட்டுவதற்காக ஒரு வனத்தை வெட்டியும் எரித்தும் அழிக்கிறான். ஆசிரியர் அவனைத் திட்டவில்லை; வனத்துக்காக ஒப்பாரி வைக்கவும் இல்லை. கடைசியில் ஊராருக்குப் புளி கொடுத்து வந்த மரங்கள் போய்விட்டன என்பதை மட்டும் காட்டி நிறுத்துகிறார். அந்த அடக்கத்தை நம்மில் பலர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அங்கேயும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கதைக்கு அது பொருத்தம். எல்லாக் கதைக்கும் அதுவே விதியாகிவிடலாமா?

நம் ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே லயனல் பிளேஸ் என்ற வெள்ளைக்காரர் கலெக்டராக இருந்தார். அவரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு.

ஒன்று மதுராந்தகம் ஏரியைப் பற்றியது. பெருமழையில் கரை உடையும் என்று பயந்து கலெக்டர் இரவில் பார்க்கப் போனாராம். வில்லும் அம்புமாக இரண்டு இளைஞர்கள் கரையைக் காத்து நின்றார்களாம். அன்றுமுதல் அந்தப் பெருமாள் ஏரி காத்த ராமர். தாயார் சந்நிதியில் கலெக்டரின் பெயர் கல்லில் இருக்கிறது. இந்தக் கதையை அறியாதவர் இந்தப் பக்கத்தில் அநேகமாக இல்லை.

மற்றொன்று வேடந்தாங்கலைப் பற்றியது. அங்கே ஏரிக்குள் நிற்கும் மரங்களில் வருஷா வருஷம் பறவைகள் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் வரும். கம்பெனிச் சிப்பாய்கள் அவற்றைச் சுட்டுக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல், பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இதில் தெய்வம் தோன்றவில்லை. ஆகவே கதையும் தோன்றவில்லை!

எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. அதே கலெக்டர், அதே காலம். அற்புதத்தை வைத்துக்கொண்டோம், மனுவை மறந்துவிட்டோம்.

அந்த மனுவுக்குப் பின்னால் இருந்தது வெறும் ஜீவகாருண்யம் என்றும் சொல்லமாட்டேன். பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்ந்தால் பயிருக்குத் தனியாக எரு வேண்டியதில்லை என்பது குடியானவர்கள் கண்ட கணக்கு. நத்தைகுத்தி நாரையோ வயல் நத்தைகளைத் தின்றே பிழைக்கிறது. பறவைக்கு மரம், மரத்துக்கு ஏரி, ஏரியால் வயல், வயலால் ஊர். தங்கள் வயிற்றுக்கும் கொக்கின் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 'சுயநலம்தானே?' என்று கேட்கலாம். சுயநலம்தான். ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்து, பேரப்பிள்ளைகளையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் சுயநலத்துக்கு வேறு பெயர் வைப்பதே நியாயம்.

இன்று வானிலை மாறிவருகிறது. வருகிற மழை சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பரில் பார்த்தோம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டதையும் பார்த்தோம். இரண்டு ஆபத்துக்கும் நம் முன்னோர் வைத்துவிட்டுப்போன ஒரே ஏற்பாடு ஏரி. நம் ஜில்லாவில் ஏரிகள் சங்கிலிபோல அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். ஓர் ஊர் தன் வரத்துக் கால்வாயைத் தூர்வாரினால் அடுத்த ஊரும் பிழைக்கும். ஓர் ஊர் அடைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். இதைவிடப் பெரிய நாடகம் நாவலாசிரியனுக்கு வேறு என்ன வேண்டும்? மேலூருக்கும் கீழூருக்கும் சம்பந்தி உறவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒருமுறை எழுதி வாங்கினால் போதும் என்பதும் இல்லை. 1998-ல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த வட்டத்தைச் சுருக்க ஒரு யோசனை வந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. காவல் என்பது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஏற்கவேண்டிய வேலை.

இத்தனை உபதேசம் செய்கிற நான் என்ன செய்தேன் என்று வாசகர்கள் கேட்க உரிமை உண்டு. கேளம்பாக்கத்தில் நான் இருக்கும் தெரு ஒரு காலத்தில் வயல். இங்கிருந்து கோவளம் போகிற சாலையில், உப்பங்கழியில் பூநாரைகள் நிற்பதைப் பார்த்து நானும் உருகி எழுதியிருக்கிறேன். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்து வெள்ளமும் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக இந்தக் கழிக்கு வந்துதான் கடலைச் சேரவேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு வாய்க்கால் இருந்தது. மனைக்காக அதை மண் போட்டு மூடினார்கள். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் மனு எழுதிக் கையெழுத்துக் கேட்டு வந்தார். நான் ஓர் அத்தியாயத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "நாளைக்கு வாருங்களேன்" என்றேன். மறுநாள் அவர் வரவில்லை; நானும் போகவில்லை. 2023 டிசம்பர் புயலில் தண்ணீர் என் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. அந்த அத்தியாயமும் நனைந்துபோயிற்று.

அதனால் இளைஞரின் நாவலைக் குறைசொல்ல எனக்குப் பாதி யோக்கியதைதான் உண்டு. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னேன்: "கிழவர் அழட்டும், தம்பி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கூட்டம் போடுங்கள். கரையை உயர்த்த வேண்டும் என்று ஒருவன் சொல்லட்டும். தன் வயல் போய்விடும் என்று ஒருவன் மறுக்கட்டும். கொக்கு நாற்றுகளை மிதிக்கிறதே என்று ஒருத்தி சண்டைக்கு வரட்டும். அப்புறம் யாராவது ஒரு மனு எழுதட்டும்."

"மனு எழுதுவதில் என்ன கதை இருக்கிறது, ஸார்?"

"வேடந்தாங்கலில் அந்தக் காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் மேலேயே புகார் சொல்லப் போனார்களே, அவர்களில் முதலில் புறப்பட்டவன் யார்? 'நமக்கு ஏன் வம்பு' என்று அவன் பெண்டாட்டி தடுத்தாளா, இல்லை, கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாளா? அதை எழுதுங்கள்."

அவர் பதில் சொல்லாமல் காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார். எழுதுவார் என்றுதான் நினைக்கிறேன். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினேன்.