முள் நடுவுக்கு வரட்டும்

பழைய புல்லட்டை வீட்டில் வைத்துப் புதுப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் டாங்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். கறுப்பு அடித்து, தங்கக் கோடு இழுத்து, தார்சாவுக்கு முன்னால் நிறுத்தி நாலு பேருக்குக் காட்டிய பிறகே இன்ஜின் பக்கம் திரும்புகிறார்கள். என் வரிசை வேறு. ஹெட்லைட் டூமில், ஸ்பீடாமீட்டருக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன அம்மீட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவேன். வயரிங் கருகிக் கிடந்தாலும், டாங்க் ஓட்டையாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. முள் அசையாத வண்டிதான் எனக்குப் பெரிய வேலை.

காஸ்ட் அயர்ன் இன்ஜினின் அழகு என்று எல்லோரும் அந்தச் சத்தத்தைச் சொல்வார்கள். சத்தத்தின் மீது எனக்கும் மையல் உண்டு. 70 மில்லிமீட்டர் போருக்கு 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், பளுவான ஃபிளைவீல், அவசரமே இல்லாத ஐடிலிங். அதை ரசிக்காதவன் புல்லட் பக்கம் வரவே வேண்டாம். ஆனால் சத்தம் வண்டி ஓடும்போது மட்டும்தான் கிடைக்கும். ஓடாத வண்டியைக் குறித்துத் தகவல் தருவது அம்மீட்டர் ஒன்றே. அதுவும் பாயிண்ட், அதாவது இக்னிஷன் மின்சாரத்தைத் திறந்து மூடும் அந்தச் சின்னத் தொடர்பு, வைத்த வண்டியில் மட்டும்.

சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அமுக்கிப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்து கிடக்கும். பிஸ்டன் கம்ப்ரஷனில் ஏறி உச்சியைத் தொடப்போகும் நேரத்தில் பாயிண்ட் திறக்கும். முள் நடுவுக்கு வரும். அங்கே காலை நிறுத்தி, டீகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை அமுக்கி, கையை எடுத்து, மேலே வந்த கிக்கருக்கு முழு நீளத்தில் ஒரே மிதி. அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் ஃபிளைவீலுக்கு ஓட இடம் கிடைத்துவிடுகிறது; இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. பாயிண்ட் கேம் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முள் நடுவுக்கு வரும். எக்ஸாஸ்ட் முடிவில் அது ஏமாற்றாது. கம்ப்ரஷன் முடிவை மட்டும் காட்டும். இத்தனை துல்லியமான ஒரு சாட்சியைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, வேர்த்து வழிய இருபது உதை உதைக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

எனக்கு இந்த முள்ளைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் நெல்லை வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரி. அவர் பட்டறையில் டைமிங் விளக்கு கிடையாது, டயல் கேஜும் கிடையாது. பிளக்கைக் கழற்றி, கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் உருட்டி, உச்சிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் பிஸ்டன் நிற்கும் இடத்தைப் பிடிப்பார். பிறகு சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். முள் எந்தக் கணத்தில் நடுவுக்குத் துள்ளுகிறதோ அங்கே போல்ட்டை இறுக்குவார். அவ்வளவுதான் டைமிங். வேறு சிலர் பாயிண்டுக்கு இடையில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, அது நழுவி வரும் இடத்தைப் பிடிப்பார்கள். அதுவும் சரியான முறைதான். ஆனால் முள்ளை வைத்துப் பிடிப்பதில் ஒரு நிம்மதி: பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை வழியெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதும் அதே அசைவில் தெரிந்துபோகிறது.

கடைப் பையன் யாராவது அவசரப்பட்டுக் கிக்கரில் ஏறி நின்றால் அவர் தலையைத் தூக்காமலே கேட்பார்: “எதுக்குல உதைக்க? முள்ளு எங்க நிக்குன்னு பாத்தியா?” வண்டிக்காரரிடம் அதே விஷயத்தை மரியாதையாகச் சொல்வார்: “அண்ணாச்சி, காலுக்குத்தான் அவசரம். முள்ளுக்கு அவசரம் கிடையாது, பாத்துக்கிடுங்க.” டைமிங் முன்னால் போன வண்டி கிக்கரைத் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பெயர்த்த கதைகள் அந்தப் பட்டறையில் நிறைய உண்டு. அவர் கையால் பிடித்த வண்டி எதுவும் யாரையும் திருப்பி அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முள் உண்மை பேச வேண்டுமானால் பாயிண்ட் சுத்தமாக இருக்க வேண்டும். இங்கேதான் இன்றைய வேலைத்தனம் சறுக்குகிறது. பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். தாளின் துகள் முகத்தில் பதிந்து அடுத்த வாரமே கருகுகிறது. மெல்லிய எண்ணெய்க்கல்லில் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று படியும்படி தேய்த்து, பெட்ரோலில் துடைத்து, பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையை ஒரு துண்டு கிழித்து நடுவில் விட்டு இழுத்தால் வேலை முடிந்தது. இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கேம் மேல் கிரீஸ் பூச்சு வைக்காமல் மூடுவது அடுத்த பாவம். கேமைத் தொட்டுக்கொண்டு ஓடும் ஃபைபர் குதிகால் தேய்ந்தால் இடைவெளி குறையும்; குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும்; வண்டி மந்தமாகி, சூடேறி, ஏற்றத்தில் அழும். வண்டிக்காரர் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

முழு வண்டியையும் கோணிச்சாக்கில் பிரித்துப் போட்டிருக்கும் நண்பர்களுக்கு மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் பம்பை ஓட்டும் வோர்ம் நட் இடது மரை. வழக்கம்போலத் திருப்பிக் கழற்றப்போய் ஷாஃப்டையே பாழாக்கியவர்கள் உண்டு. புஷ் ராட் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிக் எண்டில் மிதக்கும் புஷ்ஷை எடுத்துவிட்டு ரோலர் போடலாமா என்று கேட்பார்கள். நெடுஞ்சாலையில் விரட்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, முதல் ஐந்து நிமிடம் முறுக்காமல் ஓட்டுகிறவருக்கு அந்தப் புஷ்ஷே போதும், அதன் ஓசையும் மென்மை.

ஒன்றை மட்டும் நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புதிதாகப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கிய வண்டியைச் சித்திரை, வைகாசியில் ரோட்டில் இறக்காதீர்கள். பாளையங்கோட்டை வெயிலில் இரும்பு சிலிண்டர் விடும் அனல் பிஸ்டனைப் பிடித்துவிடும். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து, குற்றாலத்தில் சாரல் விழும் நாட்கள்தான் ரன்னிங்-இன்னுக்கு ஏற்றவை. பேட்டையில் கிளம்பி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் தாண்டிப் பாபநாசம் வரை போய்த் திரும்பலாம். இரண்டு பக்கமும் வயலும் வாழையும். வேகமாகப் போகத் தோன்றாத ரோடு அது. போகும்போது முள்ளைக் கவனியுங்கள். கிளம்பிய புதிதில் பிளஸ்ஸில் நின்றுவிட்டு, பேட்டரி நிறைய நிறைய நடுவை நோக்கி இறங்கினால் சார்ஜிங் நலம். பிளஸ்ஸிலேயே நெடுநேரம் நின்றால் பேட்டரி சத்தை இழந்திருக்கிறது. குண்டு குழியில் மட்டும் துடித்தால் எங்கோ ஒரு கனெக்ஷன் தளர்வு. ரயில்வே கேட்டில் நிற்கும்போது ஐடிலிங்கில் ஒவ்வொரு துடிப்புக்கும் முள் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கத்தின் சீர் எனக்குக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு இழையும் தவில் நடையைத்தான் ஞாபகப்படுத்தும்.

ஜாவா, எஸ்டி ரசிகர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். மைசூர் ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிக்கு இத்தனை சடங்கு கிடையாது என்பார்கள். உண்மைதான். கிக்கரே கியர் லீவராக மடங்கும் அந்த யோசனையை நானும் மெச்சுகிறேன். ராஜ்தூத் 350 பிரியர்களோ வேகத்தைக் காட்டுவார்கள். 1980களில் எஸ்கார்ட்ஸ் யமஹாவோடு சேர்ந்து செய்த அந்த இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், புல்லட்டின் 18 குதிரைசக்தியை ஒரு கைமுறுக்கில் பின்னால் தள்ளிவிடும். மறுக்கவில்லை. ஆனால் ஒரு வண்டியோடு வருஷக்கணக்கில் வாழ்கிறவனுக்கு வேகத்தைவிடத் தெளிவு பெரிது. கோளாறு வருவதற்கு முன்பே அறிகுறி காட்டும் வண்டி என்னைப் பொறுத்தவரை உயர்ந்த சாதி.

இதே காரணத்தால்தான் பாயிண்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் கிட் போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பராமரிப்பு மிச்சம் என்பது அவர்கள் வாதம். தினசரி வேலைக்கு ஓடும் வண்டியென்றால் நியாயமான வாதம். ஆனால் இரண்டு வருஷம் செலவழித்து, வீட்டு முற்றத்தில் நட்டு நட்டாகக் கோத்த வண்டியில் அதைச் செய்வதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. உச்சியைக் காட்டிய முள் அந்த வேலையை இழந்து, வெறும் சார்ஜ் மீட்டராகிவிடுகிறது. சிலர் பாயிண்ட் போன பிறகு அம்மீட்டரையும் எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் யு.எஸ்.பி. சார்ஜர் வைக்கிறார்கள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

‘ஒரிஜினல்’ என்ற பேச்சுக்கும் வருகிறேன். அமெரிக்காவில் 1960களின் மஸ்டாங்கையும் போன்டியாக் ஜி.டி.ஓ.வையும் வீட்டு ஷெட்டில் புதுப்பிக்கிறவர்கள், இன்ஜின் எண் அந்த உடம்போடு ஆலையிலிருந்து வந்த எண்தானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அது பொருந்தினால் ஒரு விலை, பொருந்தாவிட்டால் வேறு விலை. நம் கதை வேறு. 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ல் முடிந்துபோன பிறகும் நம் ஆலை அதே இரும்பு இன்ஜினைச் செய்துகொண்டே இருந்தது. 1977-லிருந்து அந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் செய்தது. புகை விதிகள் இறுகி 2010-ஐ ஒட்டி அந்த இன்ஜின் நிற்கும்வரை அடிப்படை வடிவம் மாறவில்லை. அதனால் எந்த வருஷத்து உதிரியும் அநேகமாக எந்த வருஷத்து வண்டியிலும் ஏறும். வீட்டில் புதுப்பிக்கிறவனுக்கு இது வரம். ஒரு அப்பழுக்கற்ற 1960களின் வண்டியைத் தேடுகிறவனுக்கு இதுவே சாபம். தாத்தா காலத்து சேசிஸில் பேரன் காலத்து கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருந்தால் அதோடு நான் திருப்திப்படுவேன். மற்றபடி, அந்த வண்டி ஆலையிலிருந்து வந்த அன்று எப்படி வேலை செய்ததோ அப்படி வேலை செய்கிறதா என்பதுதான் என் ஒரிஜினல்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்று கண்காட்சிகளில் பரிசு வாங்கும் வண்டிகளில் பாதி தேறாது. பவுடர் கோட்டிங் சேசிஸில் எர்த் பிடிக்க வேண்டிய இடத்திலும் பூசப்பட்டிருக்கிறது. பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட யாருக்கும் மனசில்லை. பிறகு விளக்கு மங்குகிறது, முள் தடுமாறுகிறது. திருவொற்றியூர் ஆலையில் ஒரே குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக, அளவுகோல் இல்லாமல் ஒரே மூச்சில் தூரிகையால் டாங்குக்குத் தங்கக் கோடு இழுத்தார்கள். புதுப்பிக்கிறவர்களோ அந்தக் கோட்டுக்குப் பதிலாக இப்போது ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கையால் இழுத்த கோட்டில் வளைவு திரும்பும் இடத்தில் ஒரு துளி தடிப்பு இருக்கும். அதை விரலால் தடவி உணர்ந்தவருக்கு ஸ்டிக்கர் ஒருநாளும் பிடிக்காது. இந்தோரி சைலன்சரைப் பற்றிப் பேசவே வேண்டாம். தெரு முழுக்கக் கேட்கும் அந்த வெடியில் டேப்பட் சத்தம் அமுங்கிப்போகிறது. ஓட்டுகிறவர் தன் இன்ஜினைக் கேட்க முடியாமல் போவதற்கா இத்தனை செலவு?

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியை நம்மில் சிலர் பெருமையாகப் பேசுகிறார்கள். 20,000 ரூபாய் கட்டிப் புதிதாகப் பதிவு செய்தால் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து கிடைக்கும். ஆனால் அந்த வண்டியை வழக்கமான போக்குவரத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. காருக்கு அது பொருந்தலாம். வாரத்தில் இரண்டு நாளாவது ஓடாத புல்லட்டில் பாயிண்ட் பூக்கும், டாங்க் துருப்பிடிக்கும், கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொள்ளும். எஃப்.சி.க்குப் போய், புதுப்பிப்புக் கட்டணம் கட்டி, சாதாரண நம்பரிலேயே ஓட்டுவதுதான் அந்த இயந்திரத்துக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே, இப்போது வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். பெயின்டருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நல்ல அம்மீட்டரைத் தேடிப் பிடியுங்கள். பழைய லூகாஸ் கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். சேசிஸில் எர்த் புள்ளிகளைச் சுத்தமாக விடுங்கள். பாயிண்டும் கண்டன்சரும் தரமானதாக வாங்குங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு டாங்கைத் துடைக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, கிக்கரைக் கையால் அமுக்கி முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். பெயின்ட் பத்து வருஷத்தில் மங்கிவிடும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். முள்ளைப் படிக்கத் தெரிந்த கை இல்லாமல் போனால், அதைத் திருவொற்றியூரிலிருந்தும் வரவழைக்க முடியாது.