'அதிவேகம்' என்று எழுதிவிட்டால் கணக்கு முடிந்ததா?

கொஞ்ச நாளாக இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட உலகச் சாலைப் பாதுகாப்பு அறிக்கை. இன்னொன்று, இந்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு விபத்து அறிக்கை. பேசும் பிரச்சினை ஒன்றுதான். ஆனால் சாவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் வைத்திருக்கின்றன. என் விமர்சனம் அதைப் பற்றித்தான்.

முதலில் உலக அறிக்கை. 2021இல் சாலையில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். 2010ஐவிட 5 சதவீதம் குறைவு. இந்தச் சாவுகளில் 92 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடப்பவை. வண்டிகள் இவ்வளவு பெருகியும் சாவு குறைஞ்சிருக்கே, நல்லதுதானேன்னு கேட்கலாம். நல்லதுதான். ஆனால் 2015இல் ஐ.நா. வைத்த இலக்கு, 2020க்குள் பாதியாகக் குறைப்பது. அது நடக்கவில்லை. 2020 ஆகஸ்டில் பொதுச்சபை அதே 'பாதி'யை 2030க்கு நகர்த்தியது. இலக்கைத் தவறவிட்ட நாட்டுக்கு எந்த விளைவும் கிடையாது, அப்போதும் சரி, இப்போதும் சரி.

இலக்கு நகர்ந்தாலும், அதன் பின்னால் இருக்கும் யோசனை நல்ல யோசனை. 1997இல் சுவீடன் நாடாளுமன்றம் ஏற்ற கொள்கையில் இருந்து வளர்ந்தது அது. மனிதன் தப்பு செய்யத்தான் செய்வான், அந்தத் தப்பு உயிரை வாங்காதபடி சாலையை அமைப்பது அரசின் வேலை. இவ்வளவுதான் சாரம். வெறும் பேச்சோடு அவர்கள் நிற்கவில்லை. அகலமான இருவழிச் சாலைகளை மூன்று தடமாகப் பிரித்து, நடுவில் கம்பிவடத் தடுப்பு போட்டார்கள். ஓட்டுநர் கண் அசந்தாலும் வண்டி எதிர்த் தடத்துக்குப் போகாது. நேருக்கு நேர் மோதல் அங்கே பெருமளவு குறைந்தது.

இப்போது நம்ம அறிக்கைக்கு வருவோம். 2022இல் 1,68,491 பேர் இறந்தார்கள். காரண அட்டவணையைப் பாருங்க: அதிவேகம், தவறான பக்கத்தில் ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், செல்போன், சிக்னலை மீறுதல். மிச்சம் 'பிற'. எல்லாமே ஓட்டுநரின் விதிமீறல். இதில் அதிவேகத்தின் பங்கு மட்டும் சுமார் 71 சதவீதம். சாலைக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஒரு ஊரை நடுவில் வெட்டிக்கொண்டு நாலு வழிச் சாலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், கடைத்தெரு அந்தப் பக்கம். சென்டர் மீடியனில் யாரோ உடைத்த இடைவெளி வழியாகத்தான் சனங்க கடக்குறாங்க. 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில் இந்தியாவும் கலந்துகொண்டது. நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்றது அதன் பிரகடனம். ஆனால் இப்படிப்பட்ட சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதித்தது 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை. அங்கே ஒரு பிள்ளை அடிபட்டால் எஃப்.ஐ.ஆரில் விழும் சொல் என்னவாக இருக்கும்? 'அதிவேகம்', 'கவனக்குறைவு'. ஊருக்குள் அப்படி ஒரு சாலையை வரைந்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

சட்டத்திலும் இதே சாய்வுதான். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 198ஏ பிரிவு வந்தது. தரவிதியைப் பின்பற்றாத அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஆலோசகரோ, அதனால் மரணம் நேர்ந்தால் கட்ட வேண்டிய அபராதம் அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். சிறை இல்லை. அடுத்துவரும் 199ஏ, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்கிறது. பெற்றோரைத் தண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

ஓட்டுநரைக் கட்டுப்படுத்தினால் பயனே இல்லையா? உண்டு. வியட்நாம் 2007 டிசம்பரில் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி, கறாராக அமல்படுத்தியது. பெரும்பாலானோர் அணியத் தொடங்கினார்கள். இங்கேயும் அது வேண்டும். ஆனால் ஹெல்மெட் போட்டவரும் விளக்கில்லாத வளைவில் நிற்கும் லாரியின் பின்னால் மோதுகிறார்.

இந்த அட்டவணையை மாற்றக் கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. உலக வங்கி நிதியில், சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் போலீஸோடு நெடுஞ்சாலைத் துறையும் தன் தகவலைப் பதிய வேண்டும். அந்தத் தகவல் ஆண்டு அறிக்கையின் காரண அட்டவணையில் ஒரு பத்தியாக வர வேண்டும்: இந்தச் சாவில் சாலையின் பங்கு என்ன, அதற்குப் பிறகு என்ன சரிசெய்யப்பட்டது? உலக சுகாதார நிறுவனமும் அடுத்த அறிக்கைக்கு ஒவ்வொரு நாட்டிடமும் இதைக் கேட்டு வெளியிடலாம். இப்போது கேட்பது பெரும்பாலும் சட்டம் இருக்கா, தரவிதி இருக்கா என்றுதான். இருக்கு. 198ஏகூட இருக்கு.