அசையாத ஆள்

கோடை லீவில் ஒரு வேன் பிடித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வி.ஜி.பி. கோல்டன் பீச் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவோம். மாமா, அத்தை, சித்தி பிள்ளைகள், மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. ஏறிய ராட்டினங்கள் எல்லாம் இப்போது ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. தெளிவாக நிற்பவர், யார் என்ன செய்தாலும் சிலைபோல அசையாமல் நிற்பதே வேலையாக இருந்த சிலை மனிதர் மட்டும்தான்.

தலைப்பாகை, முறுக்கு மீசை, ராஜா காலத்துக் காவலாளி உடுப்பு. அவரை அசைத்துவிட நாங்கள் கோணங்கி காட்டுவோம். மாமா சினிமா வசனம் பேசிப் பார்ப்பார். வியர்வை மூக்கு நுனிவரை வந்து சொட்டும், துடைக்க மாட்டார். "பாவம்டா, விடுங்க, கால் வலிக்காது?" என்பார் அத்தை.

அத்தை சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நின்றால் அது காலிலேயே தேங்கும். மூளைக்குப் போவது குறையும். அணிவகுப்பில் சிப்பாய்கள் மயங்கிச் சரிவது இதனால்தான். பழகியவர்கள் பூட்சுக்குள் கால்விரல்களை மடக்கி நீட்டிச் சமாளிப்பார்கள். இவரும் அப்படிச் செய்தாரோ என்னவோ, எங்கள் கண் அந்த முகத்தை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை. சுற்றிலும் எல்லாம் சுழலும் இடத்தில் சுழலாமல் இருப்பதையே வித்தையாக்கியவர்!

ஒருமுறை தம்பி அவர் அருகே போய், "அங்கிள், டெல்லி அப்பளம் வேணுமா?" என்றான். மீசை துடித்தது என்று இன்றும் சாதிக்கிறான். வேறு யாரும் பார்க்கவில்லை.