கையில் விழும் எதுகை

பின்லாந்தின் ராப் பாடகர் சைன்மார்க் பிறவியிலேயே காது கேளாதவர். இயற்பெயர் மார்கோ வூரிஹெய்மோ. அவர் பாடுவது கைகளால். பக்கத்தில் குரல்கொடுக்கும் பாடகர் ஒருவர் அதே வரிகளைப் பாடுவார். ஆனால் நம் கண் சைன்மார்க்கை விட்டு நகராது.

ஒருமுறை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு அவர் காணொளியைப் பார்த்தேன். தாளம் நிற்கவில்லை! தோள் குலுங்குகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, ஒரே விரல்வடிவம் அடிக்கு அடி திரும்ப வந்து விழுகிறது. சைகை மொழிப் பாட்டில் எதுகை என்பது இதுதான். ஓசைக்குப் பதில் கைவடிவமும் அசைவும் ஒத்துவர வேண்டும். சைகை மொழியை நாட்டிய முத்திரையோடு சேர்த்துப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. இது தனக்கென இலக்கணம் உள்ள முழு மொழி. வீட்டில் குழந்தை அம்மாவிடம் பேசும் மொழி.

இசை அவருக்கு எட்டுவது தாழ்ந்த ஒலிகளின் அதிர்வாக. பேஸ் எனும் அந்தத் தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் மேடைப் பலகை வழியே காலுக்கு ஏறுகிறது, நெஞ்சில் இடிக்கிறது.

2009-ல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கான பின்லாந்துத் தேர்வில் ‘ஸ்பீக்கர்பாக்ஸ்’ பாட்டோடு வந்து இரண்டாம் இடம் பிடித்தார். அந்தப் பாட்டை அன்று காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே நேரத்தில் ரசித்தார்கள். மேடை ஓரத்தில் மொழிபெயர்ப்பாளராக ஒதுங்கி நின்ற சைகை மொழி, அன்று விளக்கின் நட்டநடுவே நின்றது.