ஆகஸ்டில் மட்டும் நினைவுக்கு வரும் ஊர்

ஆகஸ்ட் 22 நெருங்கினால் சென்னையின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளுக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. வெயில் ஏறுமுன் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு கூட்டம் சேரும். திண்ணை, தூண், நாட்டு ஓடு என்று ஒருவர் காட்டிக்கொண்டே முன்னால் போவார். 2004-இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் தொடங்கிய ‘மெட்ராஸ் டே’ ஒரு நாளில் அடங்காமல் வாரமாகி, அதையும் தாண்டி நீண்டுவிட்டது.

இதற்கு உரிமையாளர் கிடையாது என்பதே இதன் பெரிய பலம். தொடங்கியவர்கள் தூண்டிவிட்டார்கள், நிகழ்ச்சிகளைத் தொகுத்து அறிவித்தார்கள், அவ்வளவே. நடை, உரை, கண்காட்சி, வினாடி வினா என எதையும் விருப்பமுள்ளவர் தாமே முன்வந்து நடத்தலாம். நம் வரலாற்றுக் கழகங்கள் பல, கருத்தரங்கம் நடத்தி, கட்டுரைகளைத் தொகுத்து அச்சிட்டு, தமக்குள்ளேயே படித்துக்கொள்பவை. ஆனால் பட்டம் இல்லாதவரும் தன் ஊரைப் பற்றிப் பேசலாம் என்ற துணிச்சலை இந்த விழா கொடுத்தது. சாதாரண காரியமல்ல.

சிக்கல் தேதியிலேயே இருக்கிறது. 1639-இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் இடம் கொடுத்த நாளே ஊரின் பிறந்தநாளாம். அது ஜூலை 22 என்று வாதிடுவோரும் உண்டு; அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் திருவல்லிக்கேணிக் கோயிலில் அதற்கும் வெகு முந்தைய, பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூரும் திருவொற்றியூரும் தேவாரம் பெற்ற ஊர்கள். பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியோ கணக்குக்கே அடங்காத பழமை. கிரயப் பத்திரத்தின் தேதியைப் பிள்ளையின் பிறந்த தேதியாக எழுதிவைத்தது போலிருக்கிறது இது.

தனித்தனியாகக் கிடந்த ஊர்களை ஒரே நகரமாக்கியது கம்பெனியின் கோட்டைதானே என்பார்கள். ஒப்புக்கொள்ளத்தக்க பதில். ஆனால் அதை ஒப்புக்கொண்டால், அந்த நகரத்தை உழைத்து வளர்த்தவர்களின் தெருக்களுக்கும் சம பங்கு கொடுத்தாக வேண்டும். பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் பின்னி ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்து 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. தொழிலாளர் தலைவர்களான வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்களுக்கு ஆலை முடிந்து ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கங்களில் வரும் இடம் அது. ஆனால் ஆகஸ்ட் கூட்டங்களை மயிலாப்பூரும் ஜார்ஜ் டவுனும் இழுக்கும் அளவுக்கு ஆலைத் தெருக்கள் இழுப்பதில்லை. போதாக்குறைக்கு விளக்கங்களில் ஆங்கிலம் ஓங்கி நிற்கிறது. சொந்தத் தெருவின் கதையை அந்தத் தெருக்காரரே கேட்டுப் புரிந்துகொள்ள முடியாவிட்டால், பிறகு யாருக்காக அந்த நடை?

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுத்தது பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு தொடுத்த வழக்கு. 2010-இல் உயர் நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கும்படி தீர்ப்பளித்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியும் பத்தாண்டுக்கு மேல் கிடப்பில் இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் நடைகளுக்குக் கூட்டமும் பெருகியது. ஊர்மேல் பாசம் வளர்ந்தது உண்மை. அந்தப் பாசம் மனுவாகவும் ஆவணமாகவும் மாறியது குறைவு. கட்டடத்தைப் படமெடுத்தவர்களில் எத்தனை பேர் அதன் கதவு எண்ணையும், அங்கே குடியிருக்கும் பெரியவரின் பேச்சையும் குறித்துவைத்திருப்பார்கள்? செப்டம்பர் பிறந்ததும் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உரிமையாளர் இல்லாத விழாவின் வசதி அதுதான். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ இருப்பவர்கள் அடுத்த ஆகஸ்டுக்குக் காத்திராமல், தங்கள் தெருவில் தமிழில் ஒரு நடையை நடத்துங்கள். பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, ஒரு பிரதியை உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.