இரசிகையும் எசமானியும்: ‘மிசரி’ திரைப்படம் பற்றிய ஓர் ஆய்வு

‘இரசிகன்’ என்னுஞ் சொல் இரசத்தின் வழியாகப் பிறந்தது. கலையின் சுவையை அறிந்து துய்ப்பவன் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்திலே இதற்கு ஈடாக வழங்கும் ‘ஃபான்’ என்னுஞ் சொல்லோ, வெறியனைக் குறிக்கும் சொல்லொன்றின் குறுக்கமெனப் பெரும்பாலோர் கொள்வர். அதன் இலத்தீன் மூலம் கோயிலிலே ஆவேசமுற்று நின்றவனைச் சுட்டியது. ஒன்று சுவையிலே தோன்றிய சொல். மற்றையது ஆவேசத்திலே தோன்றிய சொல். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் எத்துணைச் சிறியது என்பதை ஒரு வீட்டுக்குள்ளே, இரண்டே பாத்திரங்களை முதன்மையாக வைத்துக் காட்டிய படம் ‘மிசரி’.

றொப் றைனர் இயக்கிய இப்படம் 1990ஆம் ஆண்டின் இறுதியிலே அமெரிக்காவில் வெளிவந்தது. ஸ்ரீபன் கிங் 1987இல் வெளியிட்ட நாவலே இதன் மூலம். திரைக்கதையை அமைத்தவர் வில்லியம் கோல்ட்மன். புகழ்பெற்றோரை இரசிகர் பின்தொடர்ந்து துன்புறுத்தும் கதைகள் அக்காலத்தில் அமெரிக்கத் திரைக்குப் புதியனவல்ல. 1980 டிசெம்பர் 8ஆந் திகதி நியூயோர்க் நகரிலே பாடகர் ஜோன் லெனன், சில மணி நேரத்துக்கு முன்னர் தம்மிடம் கையொப்பம் பெற்றுச் சென்ற ஒருவனாலேயே சுடப்பட்டு இறந்தார். அடுத்த ஆண்டிலே வெளிவந்த ‘த ஃபான்’ என்னும் படத்தில், இரசிகனொருவனுக்கு அஞ்சும் நடிகையாக லோறன் பக்கோல் நடித்தார். அவரே ‘மிசரி’யில் எழுத்தாளனின் இலக்கிய முகவராக வருகின்றார். எனினும், முன்னைய படங்களிலே இரசிகன் புகழாளனின் வாழ்வினுள் அத்துமீறி நுழைகின்றான். ‘மிசரி’யிலோ புகழாளனே இரசிகையின் வீட்டினுள் வந்து சேர்கின்றான். இவ்விட மாற்றமே படத்தின் பொருளையும் மாற்றிவிடுகின்றது.

கதை சுருக்கமானது. போல் ஷெல்டன் என்பான் மிசரி என்னும் பெண்ணைத் தலைவியாகக் கொண்ட காதற் கதைத் தொடரினாற் பெரும் புகழும் பொருளும் ஈட்டியவன். மிசரி என்பதற்குத் துயரம் என்பது பொருள்; எழுத்தாளனுக்கு அவள் துயராகவே ஆகிவிட்டாள். தொடரின் இறுதி நூலிலே அவளைப் பிள்ளைப்பேற்றில் இறக்கச் செய்து, தன் மனத்துக்கு உகந்த வேறொரு நாவலைக் கொலறாடோ மலைப்பகுதியிலே தங்கி எழுதி முடிக்கின்றான். அதனை எடுத்துக்கொண்டு திரும்பும் வழியிற் பனிப்புயலில் அவன் கார் கவிழ்கின்றது. முன்னாளிலே தாதியாகப் பணிபுரிந்த ஆனி வில்க்ஸ் அவனை மீட்டு, முறிந்த கால்களுக்குக் கட்டிட்டு, தன் வீட்டிலே வைத்துப் பேணுகின்றாள். அவனுடைய முதல் இரசிகை தானே என்று அவள் பெருமிதத்தோடு கூறுகின்றாள். புதிய நூலைப் படித்து மிசரி இறந்தாளென அறிந்ததும், பேணிய கைகளே சிறையிடும் கைகளாகின்றன. போல் மிசரியை உயிர்ப்பித்து மீண்டும் ஒரு நாவல் எழுதல் வேண்டும் என்பது அவள் ஆணை.

இவ்வாணை கேட்டற்குக் கொடிதாயினும், இதன் உள்ளீடு இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ஆர்தர் கொனன் டொயில் 1893இல் ஷேர்லொக் ஹோம்ஸை அருவியிலே வீழ்த்தி முடித்தபோது வாசகர் வெகுண்டெழுந்தனர். கதை வெளிவந்த சஞ்சிகையைக் கைவிட்டோரும் பலர். 1901இல், அவன் இறப்புக்கு முன் நிகழ்ந்ததாக ஒரு கதையை அவர் எழுதத் தொடங்கினார்; 1903இலோ, அவன் இறக்கவேயில்லை எனக் காரணங் காட்டி மீண்டும் நடமாடவிட்டார். அன்று ஆயிரக்கணக்கானோர் கடிதங்களாலும் காசினாலும் சாதித்ததையே ஆனி என்பாள் பூட்டிய கதவினாற் சாதிக்க முயல்கின்றாள். பாத்திரம் ஒன்று வாசகர் நெஞ்சிலே குடிபுகுந்த பின்னர் அதன் உயிர்மேல் யாருக்கு உரிமை உண்டு? படத்தின் அச்சத்துக்கு அடியில் இருப்பது இவ்வினாவே.

இதனைத் தெளிவிக்கும் காட்சி ஒன்று படத்தின் நடுப்பகுதியில் உண்டு. போல் முதலில் எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை ஆனி ஏற்க மறுக்கின்றாள். சிறுவயதிலே தான் பார்த்த தொடர்ப்படம் ஒன்றை அவள் எடுத்துக்காட்டுகின்றாள். ஒரு வாரத்தின் முடிவில் வீரன் காரோடு மலையுச்சியிலிருந்து வீழ்கின்றான். மறுவாரம் அவன் முன்னரே வெளியே குதித்துவிட்டதாகக் காட்டுகின்றனர். திரையரங்கிலே மற்றையோரெல்லாம் ஆரவாரித்தனர். சிறுமியான ஆனி மட்டும் எழுந்து நின்று, இது மோசடி எனக் கூவினாள். அவள் கேட்பது அற்புதத்தையன்று, நேர்மையை. ஒருமுறை சொல்லப்பட்டதை இல்லையென மறுத்தல் ஆகாது. சொல்லப்பட்டதற்குள்ளிருந்தே மேற்செல்லும் வழியைப் படைப்பாளி கண்டுபிடித்தல் வேண்டும். இது கதையியலின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தேனீ கொட்டியதால் மிசரி உணர்விழந்து கிடந்தாள் என்றும், இறந்தாளென மயங்கி அவளைப் புதைத்துவிட்டனர் என்றும் போல் மாற்றி எழுதியபோது, ஆனி குழந்தைபோற் களிக்கின்றாள். பிழையைக் கண்டுபிடித்தவளும் அவளே. திருத்தத்தைப் பாராட்டியவளும் அவளே. ஒரு நல்ல திறனாய்வாளனிடம் எதிர்பார்க்கத்தக்க கூர்மை அவளிடத்தே உண்டு என்பதை மறைக்காமற் காட்டியமை இப்படத்தின் நேர்மையாகும்.

அங்ஙனமாயின் அவள் தவறுவது எங்கே? மிசரியின் மரணத்தை அறிவதற்கு முன்னரேயே அதற்கான குறி தோன்றிவிடுகின்றது. போல் தன் புதிய நாவலின் கையெழுத்துப் படியை அவளுக்குப் படிக்கக் கொடுக்கின்றான். அதிலுள்ள வசைமொழிகளைக் கண்டு அவள் முகஞ் சுளிக்கின்றாள். சேரியில் வளர்ந்தோர் அவ்வாறே பேசுவர் என்பது அவன் விடை. அவ்விடை அவள் செவியில் ஏறவில்லை. பின்னர், கட்டிலின்மீது எரிநெய்யைத் தெளித்து அச்சுறுத்தி, உலகில் வேறு படியே இல்லாத அக்கையெழுத்துப் படியை அவன் கையாலேயே எரிக்கச் செய்கின்றாள். மிசரியின் கதைக்குள்ளே நேர்மையை வற்புறுத்தியவள், அக்கதைக்கு வெளியே எழுத்தாளனுக்கு ஓருலகம் உண்டென்பதை ஏற்க மறுக்கின்றாள். அவள் விரும்பியது போலின் ஆற்றலையன்று. அவ்வாற்றல் தனக்குத் தந்த இன்பத்தை மாத்திரமே.

சுவைக்கொள்கையை வகுத்த நம் முன்னோர் கலையிலே தோன்றும் சோகத்தையும் சுவையாகவே கொண்டனர். அரங்கிலே நிகழும் சாவுக்கு அழுபவன் அவ்வழுகையிலேயே நிறைவெய்துகின்றான். அச்சாவு தன் வீட்டில் நிகழ்ந்ததன்று என்னும் உணர்வு அவனை விட்டு நீங்குவதில்லை. அவ்வுணர்வு நீங்கியவிடத்துச் சோகம் சுவையாக அமையாது, வெறும் இழவாக எஞ்சும். மிசரியின் சாவு ஆனிக்கு இழவு. ஆதலின் ஆசிரியன் அவள் கண்ணுக்குக் கொலைகாரனாகின்றான். கொலைகாரனைச் சிறையிடுதல் அவளுக்கு நீதியாகத் தோன்றுகின்றது. இரசிகை எசமானியாக மாறும் இடம் இதுவே.

இம்மாற்றத்தை உருவத்திற் கொணர்ந்தவர் கதி பேற்ஸ். 1991இல் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. சினத்திலும் பார்க்க அவருடைய கனிவே பார்ப்போரை அஞ்சச் செய்கின்றது. போல் தப்ப முயன்றதை அறிந்து அவன் கால்களை முடமாக்கும் காட்சி இதற்குச் சான்று. நாவலிலே ஆனி கோடரியால் அவன் பாதத்தைத் துண்டிக்கின்றாள். படத்திலே இரு பாதங்களுக்கும் இடையில் மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியாற் கணுக்கால்களை முறிக்கின்றாள். இரத்தத்தைக் குறைத்தமையால் அச்சம் குறைந்துவிடவில்லை. தாதியொருத்தி நோயாளிக்குச் சிகிச்சையை விளக்குவதுபோல அமைதியாகப் பேசிக்கொண்டே அவள் அதனைச் செய்கின்றாள். செய்து முடித்தபின் தன் அன்பையும் தெரிவிக்கின்றாள். அவள் வரையில் அன்புக்கும் கொடுமைக்கும் வேறுபாடு இல்லை என்பது சொல்லாமலே விளங்குகின்றது. இவ்விடத்திற் படம் நாவலைக் காட்டிலும் உயர்ந்து நிற்கின்றது எனலாம்.

ஆயினும் குறையொன்று உண்டு. போல் ஒருநாள், பத்திரிகை நறுக்குகள் ஒட்டிய ஏடொன்றைக் கண்டெடுக்கின்றான். ஆனி தாதியாக இருந்த காலத்திலே மருத்துவமனைக் குழந்தைகள் பலர் இறந்தமையும், அதற்காக அவள் வழக்கு மன்றிலே நிறுத்தப்பட்டமையும் அதனால் வெளிப்படுகின்றன. அக்கணமே பார்வையாளர் ஆறுதலடைந்து விடுகின்றனர். இவள் முன்னரே கொலைகாரி. ஆகவே கதைமேற் கொண்ட பற்று இவளைக் கெடுக்கவில்லை. ஆகவே கதைமேற் பற்றுடைய ஏனையோர்க்கு இவளோடு யாதொரு தொடர்புமில்லை எனத் தம்மைத் தேற்றிக்கொள்ள வழி பிறக்கின்றது. எல்லார்க்கும் உரியதாக எழுந்த வினா ஒருத்தியின் நோயாகச் சுருங்கிவிடுகின்றது. இக்குறை மூலநூலிலிருந்தே வந்ததாயினும், பிறவற்றைத் துணிந்து மாற்றிய திரைக்கதை இதனை மாற்றாது விட்டமை வருந்தற்குரியது. வழக்கு மன்றின் வாயிலில் ஆனி பத்திரிகையாளருக்குக் கூறிய நீதிமொழி, மிசரி நாவலொன்றில் வரும் வாக்கியமே என்பதை ஊர்ப் பொலிஸ் அதிகாரி கண்டுபிடிக்கும் நிகழ்ச்சி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. பொழுதுபோக்காக எழுதப்பெற்ற நூலை அவள் தன் குற்றத்துக்குக் காப்பான மறைநூலாக்கிக் கொண்டாள் என்பது அதனாற் புலனாகின்றது.

முடிவும் ஆராயத்தக்கது. நாவலை எழுதி முடித்த போல், வழமைபோல ஒரு சிகரெட்டும் ஒரு தீக்குச்சியும் சம்பேனும் கேட்கின்றான்; பின்னர் அவள் கண்முன்னே கையெழுத்துப் படிக்குத் தீயிடுகின்றான். முன்னர் அவள் எரித்தது அவனுடைய உழைப்பை; இப்போது அவன் எரிப்பது அவளுடைய ஆவலை. இறுதியில் என்ன நிகழ்ந்தது என்றறியத் துடிக்கும் வாசகியின் பசியே அவனுக்கு ஆயுதமாகின்றது. இங்கு நாவலும் படமும் வேறுபடுகின்றன. நாவலிலே அவன் எரிப்பது போலிப் படியை. வற்புறுத்தலால் எழுதிய கதை பிழைத்து அச்சேறுகின்றது. சிறையிலே பிறந்ததாயினும் அது நல்ல படைப்பே என்னும் கசப்பான உண்மையைக் கிங் ஒப்புக்கொள்கின்றார். படத்திலோ அது சாம்பலாகின்றது. தனக்காகவே எழுதிய வேறொரு நூலோடு போல் மீள்கின்றான். அந்த அனுபவம் ஏதோ ஒருவகையில் தனக்கு உதவிற்று என அவன் தன் முகவரிடம் சொல்லும் ஒரு வார்த்தையிலே மட்டும் அவ்வுண்மையின் நிழல் படிகின்றது.

எனினும் கடைசிக் காட்சி படத்துக்கு மீண்டும் வலிமை தருகின்றது. பதினெட்டு மாதங்களின் பின்னர், நியூயோர்க் உணவகமொன்றிலே, பரிசாரகப் பெண்ணொருத்தி அவனை நெருங்கித் தான் அவனுடைய முதல் இரசிகை என்கின்றாள். ஒரு கணம் அவன் கண்ணுக்கு அவள் ஆனியாகத் தோன்றுகின்றாள். அவன் ஓடவில்லை; இனிய சொல்லால் நன்றி கூறுகின்றான். அவள் குற்றமற்றவள், அவள் சொல் மெய்யன்பின் சொல். ஆயினும் ஆனியின் வாயிலும் முதலில் வந்தது அதே சொல்லன்றோ? இரண்டையும் வேறுபிரித்தறியும் கருவி அவனிடம் இல்லை. நன்றி கூறாதிருக்கவும் அவனால் இயலாது. வாசகரின்றி எழுத்தாளன் இல்லை.

கதையைப் படைத்தவனுக்கு அதனை முடிக்கும் உரிமை உண்டு. படிப்பவர்க்கு அம்முடிவுக்காக அழவும், அதிற் பிழை காணவும், படைத்தவனை வெறுக்கவுங்கூட உரிமை உண்டு. அவன் கையைப் பிடித்து எழுதுவிக்கும் உரிமை மட்டும் அவர்க்கு இல்லை. சுவைப்பவர் தம் இருக்கையில் அமர்ந்திருக்கும்வரை இரசிகர். எழுந்து கதவைப் பூட்டும்போது அவர்க்கு அப்பெயர் பொருந்தாது. ஏட்டிலுள்ள கொலைகளைக் காட்டிப் பார்வையாளரைத் தப்பவிட்ட இடம் ஒன்றைத் தவிர, ஏனைய இடங்களிலெல்லாம் ‘மிசரி’ இவ்வெல்லையைத் தெளிவாகக் கீறிக் காட்டுகின்றது. அச்சமூட்டும் படங்கள் பலவும் அச்சந் தணிந்ததும் மறக்கப்பட, இப்படம் கற்போர் மனத்திலே நின்று நிலைப்பதற்குக் காரணம் அதுவே.